துரையின் நாய்ப் படங்களும் ஏழாயிரம் கிலோ கொழுந்தும்

1. போன் வந்த விதம்

நான் தேயிலை பெக்டரி ஒப்பிசில் ஜூனியர் கிளாக்கராகச் சேர்ந்த புதிதில், இரண்டாயிரத்து ஒன்பதாம் வருசம், தோட்டத்து மேனேஜரான துரை தனக்குப் புதுப் போன் ஒன்று வாங்கினார். பழையதை ஒப்பிசுக்குத் தந்தார். பழையது என்றாலும் சாதாரணப் போன் அல்ல. படம் எடுக்கும், ஈமெயில் பார்க்கும், அந்த நாளில் ஸ்மார்ட்போன் என்று சொல்லிக்கொண்ட சாதி.

"கால் எடுத்தா பாதியில கட்டாகுது. இனிமே மெசேஜ் போடுங்க. நானும் மெசேஜ்லயே ஓடர் தாரேன்" என்றார்.

எங்கள் பெக்டரியில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். கொழுந்து வாட்டும் மேல்மாடியின் கோடியில் உள்ள ஜன்னல். அதன் கட்டையில் ஒரு பிஸ்கட் டின்னை ஆணியடித்து, போனை அதற்குள் நிறுத்தினோம். டின்னுக்குப் பொறுப்பு பெரிய கிளாக்கர் சிவபாதம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், பென்சனுக்குக் கிட்டிய வயது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவன் நான் ஒருத்தன்தான். ஒப்பிசிலும் வயதில் இளையவன் நான்தான் என்பதால் போனைப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

2. பழகிய விதம்

அப்போது எங்கள் போனில் தமிழ் எழுத்து இல்லை. எல்லாம் இங்கிலீசில்தான். C வேண்டுமென்றால் ஒரே கட்டையை மூன்று தரம் அமத்த வேண்டும். கொஞ்சம் நிறுத்தினால் எழுத்து விழுந்துவிடும், அவசரப்பட்டால் வேறு எழுத்து வரும். ஐயா முதல் மெசேஜை எழுதி முடிக்க ஒரு பிளேன்டீ ஆறிப்போனது. 'Respected Sir, With reference to your message' என்று தொடங்கி, மூன்று மெசேஜாக உடைந்து போனது அது. பதிலுக்குத் துரையிடமிருந்து 'ok' என்று வந்தது.

ஐயா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானோ? மிச்சம் பிறகு வருமோ தம்பி?"

"இவ்வளவுதாங்க ஐயா."

"நான் எழுதினதை வாசிச்சவரெண்டு என்னெண்டு நம்புறது?"

லொறி ட்ரைவர் ராசு அண்ணன் வாசலில் நின்று சிரித்தார். "ஐயா, நீங்க தொரைக்குக் கல்யாணக் கார்டுல்ல அனுப்பிட்டீங்க."

அனுப்புவதை ஐயா இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டார். அழிப்பதுதான் நடக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். துரை எந்த ஓடரையும் சின்னக் கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புவார். அதுதான் துண்டு. துண்டு இல்லாமல் லொறி வெளியே போகாது, ஸ்டோர் திறக்காது. பிறகு ஏதாவது பிசகினால் "யார் சொல்லிச் செஞ்ச?" என்று கேள்வி வரும்போது காப்பாற்றுவதும் அந்தத் துண்டுதான். ஐயா வேலைக்கு வந்த நாளிலிருந்து துரையின் துண்டு ஒன்றைக்கூடக் கிழித்ததில்லை.

"ஐயா, பழைய மெசேஜ அழிச்சிருவமா? போன்ல எடம் கொறஞ்சு போச்சு" என்று ஒருநாள் கேட்டேன்.

"துரை அனுப்பினதையோ? விசர்க் கதை கதையாதை தம்பி. நாளைக்கு 'நான் சொல்லேல்லை' எண்டு அவர் நிண்டால் நான் எதைக் காட்டுறது?"

"அப்ப அந்த நாய்ப் படங்களையாவது..."

துரை எடுத்த படங்கள் போனிலேயே கிடந்தன. அவருடைய புள்ளி நாய் படுத்திருப்பது, எழும்புவது, பங்களா புல்லில் ஓடுவது, கார் ஜன்னலால் எட்டிப் பார்ப்பது என்று எண்ணிக்கையில்லாமல். உண்மையில் இடத்தை அடைத்திருந்தது அவைதான்.

"அது துரையின்ர நாய்" என்றார் ஐயா. அத்தோடு கதை முடிந்தது.

3. கரண்டு போன பகல்

கொழுந்து நன்றாகக் கொடுத்த காலம் அது. அன்று காலை நிறுவையும் பகல் நிறுவையும் சேர்த்து ஏழாயிரம் கிலோ மாடியில் பரப்பிக் கிடந்தது. பகல் ஒரு மணிபோல இடி இறங்கியது. டிரான்ஸ்போமர் எரிந்து கரண்டு போனது. ஒப்பிஸ் டெலிபோனும் செத்துப் போனது. ஜெனரேட்டர் ஹட்டனுக்குத் திருத்தப் போயிருந்தது.

கரண்டில் ஓடும் ஃபேன்களின் காற்று இல்லாவிட்டால் குவிந்து கிடக்கும் கொழுந்து சூடேறும், சிவந்து போகும். பிறகு அதில் தேயிலை செய்ய முடியாது. அதற்கு முந்தின மாதம்தான் ஒருதரம் அப்படிக் கெட்டிருந்தது. அன்றைக்கோ, தோட்டக் கம்பெனி பெக்டரியை மூடும் யோசனையைக் கைவிடச் சொல்லிக் கேட்கத்தான் துரை கொழும்பில் மீட்டிங்கில் இருந்தார். இரண்டாம் தரமும் கொழுந்து எரிந்தால் அவர் என்ன முகத்தோடு கேட்பார்? மாடியில் வேலை செய்யும் ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும். மலையில் கொழுந்து பறிக்கும் என் அம்மா அன்று பறித்ததும் அந்த ஏழாயிரத்துக்குள்தான் கிடந்தது.

கால் எடுத்தால் கட்டாகும் என்று ஐயா உடனே துரைக்கு மெசேஜ் போட்டார். வேறு பெக்டரிக்குக் கொழுந்தை அனுப்பத் துரையின் ஓடர் வேண்டும். பதில் வரவில்லை. இரண்டு மணி தாண்டியும் வரவில்லை. டீமேக்கர் ஐயா கொழுந்துக்குள் கையை விட்டுப் பார்த்துப் பார்த்து எடுத்தார். தேயிலை செய்யும் பொறுப்பு முழுக்க அவருடையது.

"சூடு ஏறுது. தொரை என்ன, தூங்கிட்டாரா?"

"மீட்டிங்கிலை இருக்கிறார். யோசிச்சுத்தான் சொல்லுவார்" என்றார் சிவபாதம் ஐயா.

"அவரு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இங்க சாம்பார் கொதிச்சிரும்" என்றார் ராசு அண்ணன். லொறி இரண்டும் கீழே தயாராக நின்றன.

அப்போதுதான் நான் டின்னுக்குள் எட்டிப் பார்த்தேன். போனின் மூலையில் சின்னக் கடிதம் மாதிரி ஒரு படம் மின்னி மின்னி அணைந்தது.

"ஐயா, இது எப்பருந்து மின்னுது?"

"காலமையிலயிருந்து. சார்ஜ் போட்டும் நிக்கேல்லை."

"சார்ஜுக்கு இல்லீங்க ஐயா, போன் நெறஞ்சா இப்புடி மின்னும். தொரை மெசேஜ் போட்டிருந்தா வெளியிலதான் நிக்கும். உள்ள எடம் இல்ல. எதையாச்சும் அழிச்சாத்தான் வரும்."

ஐயா போனை எடுத்துச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். டீமேக்கர் ஐயா, "அழிங்க, நான் பொறுப்பு" என்றார்.

"நீங்கள் பொறுப்பெண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ" என்றார் ஐயா. முகத்தில் சிரிப்பே இல்லை.

அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை. என் கால்சட்டைப் பையில் என்னுடைய மலிவுப் போன் இருந்தது. அதன் கம்பெனிக்கு எங்கள் மலையில் டவர் கிடையாது. பாட்டுக் கேட்க மட்டும் வைத்திருந்தேன். ஹட்டனில் காசு கொடுத்துப் பாட்டு நிரப்பிய மெமரி கார்ட் அதற்குள் இருந்தது. பாட்டையெல்லாம் ஒரே அமத்தில் அழித்தேன். கார்டைக் கழற்றி ஐயாவிடம் நீட்டினேன்.

"ஐயா, ஒண்ணையும் அழிக்கல. நாய இந்த வீட்டுக்கு மாத்துறோம். அம்புட்டுத்தான். பத்திரமா இருக்கும்."

"ஒண்டும் குறையாதோ?"

"வாலுகூட கொறையாதுங்க."

ஐயா போனைத் தந்தார். கார்டை அதில் செருகிப் படங்களை மாற்றத் தொடங்கினேன். பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு படமும் போவதைப் பார்த்தார். கடைசி நாய் போனதும் போன் சத்தம் போட்டது.

முதல் மெசேஜ்: கொழுந்தைப் பக்கத்து மேல் தோட்டத்துப் பெக்டரிக்கு அனுப்பு. டீமேக்கர் ஐயா ஜன்னலால், "மேல் தோட்டம், ஏத்துங்கடா" என்று கத்தினார். ராசு அண்ணன் லொறியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். அதற்குள் இன்னொரு சத்தம். "கொஞ்சம் நில்லுங்க, இன்னும் வருது" என்றேன்.

இரண்டாவது: மேல் தோட்டத்திலும் கரண்டு இல்லை, அனுப்பாதே.

மூன்றாவது: பூண்டுலோயாப் பக்கத்துப் பெக்டரியோடு பேசிவிட்டேன், ஐந்து மணிக்கு முன்னால் வந்தால் எடுப்பார்கள்.

நாலாவது: ஏன் பதில் இல்லை?

மாடி முழுக்க இறங்கி வேலை செய்தது. கொழுந்தை அள்ளிச் சாக்கில் போட, சங்கிலி மாதிரி நின்று கை மாற்ற, மூன்றரைக்கெல்லாம் லொறி இரண்டும் கேட்டைத் தாண்டின. நான் பதில் எழுதினேன்: 'Lorry left 3.30'. அனுப்பப் போகும்போது ஐயா என் தோளைத் தொட்டார்.

"'சேர்' எண்டாவது போடு தம்பி."

போட்டேன்.

4. பிறகு

ஐந்தடிக்கச் சற்று முன்னால் துரையின் மெசேஜ் வந்தது. கொழுந்து போய்ச் சேர்ந்தது, நல்ல நிலையில் இருக்கிறது, அங்கே எடுத்துக்கொண்டார்கள். ஐயா அதை இரண்டு தரம் வாசித்து, மூன்றாம் தரம் சத்தமாக டீமேக்கர் ஐயாவுக்கு வாசித்தார்.

அடுத்த கிழமை தோட்டக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, மேல் தோட்டம் பக்கத்திலிருக்க ஏன் அவ்வளவு தூரம் கொழுந்து போனது என்று குடைந்தார். ஐயா இரண்டாவது மெசேஜை எடுத்து மேசையில் வைத்தார். வந்தவர் வாசித்துவிட்டுப் பைலை மூடிக்கொண்டு எழும்பினார். வாசித்ததும் அதை அழித்திருந்தால் நாங்கள் முழித்திருப்போம்.  அன்று பின்னேரம் ஐயா, "தம்பி, அந்த வீடு மாத்திற வேலையை எனக்கும் காட்டு" என்றார். துரைக்கு ஒரு போல்டர், லொறிக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று என்று அவரே பிரித்து வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் பழைய மெசேஜைக் கார்டுக்கு ஏற்றுவது எங்கள் வழக்கமானது. அந்தக் கடிதப் படம் பிறகு மின்னவேயில்லை.

புதிதாக ஒப்பிசுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருத்தர் ஒன்றை அழிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால், அவருக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஏன் பிடிக்கிறார் என்று கேளுங்கள். பிறகு இடத்தைத் தேடிக் கொடுங்கள். மெசேஜ் அனுப்பப் பழகுவது இரண்டு வாரத்தில் முடியும், வந்ததைப் பாதுகாத்து அடுத்ததற்கு வழி விடுவதுதான் வேலை.

மாதக் கடைசியில் துரையின் மெசேஜ் ஒன்று வந்தது. பெக்டரி மூடப்படாது. நான் மாடியில் நின்று அதைத் தமிழில் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. "எங்க, காட்டுங்க தம்பி" என்று ஒரு அக்கா கையை நீட்டினார். அவருக்கு இங்கிலீஸ் எழுத்துத் தெரியாது. இருந்தும் அந்தச் சின்ன வெளிச்சத்தை நல்லாப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். கொழுந்து வாட்டும் நீளத் தொட்டியான ட்ரஃப் ஓரமாகப் போன் கைக்குக் கை போனது. பின்னாலேயே சிவபாதம் ஐயாவும் நடந்தார்.

"மெல்லப் பிடியுங்கோ. கட்டையிலை கை வையாதேங்கோ. எல்லாரும் பார்க்க வேணும்."