மேடில்லாத ஊரில் தெரிந்த மலை

பிற்பகல் மூன்று பத்துக்கு அது தொடங்கியது. போன் திரையின் மூலையில் நேரத்தைப் பார்த்தபடிதான் பேசிக்கொண்டிருந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் புவியியல் வாத்தியார், வகுப்பில் பேய்க்கதை சொல்லும் பிள்ளைகளை அதட்டி உட்காரவைப்பவன். நீங்கள் நம்பாவிட்டால் கோபப்பட மாட்டேன்.

இலங்கையில், றக்வானவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அந்த வைகாசியில் மழை விடவே இல்லை, மலையில் வெடிப்புத் தெரிகிறது என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள், என் மனைவி செல்வி மட்டும் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லயத்துக்குப் போயிருந்தாள். அப்போதுதான் மகள் கவிதா வீடியோவில் வந்தாள்.

அவள் சுவீடனின் தென்கோடியில், ஸ்கோனே என்ற மாகாணத்தில் படிக்கிறாள். ஒருகாலத்தில் டென்மார்க்கின் மண், போர் முடிந்து கைமாறியதாம்.

"கையெழுத்துப் போட்டதும் சனமெல்லாம் வேற நாட்டு ஆளுங்க ஆயிட்டாங்களாம்ப்பா. இந்தியா, இலங்கைன்னு கையெழுத்துலயே பிரிச்சாங்களே, நம்ம தாத்தாமாரு கததான்" என்று சிரித்தாள். கடலோர மேட்டில் கப்பல் வடிவத்தில் கற்களை நட்டிருக்கிறார்கள், எதற்கென்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றாள். கேமராவைத் திருப்பினாள். கடுகுப்பூ மாதிரி மஞ்சள் வயல், காற்றைத் தடுக்க வரிசையாக நட்ட வில்லோ மரங்கள், படிப்படியாக ஏறும் முகப்புச்சுவரோடு பழைய வெள்ளைத் தேவாலயம், அதற்கப்பால் வானம் தொடும்வரை வெறும் தரை.

மறுபடி அவள் முகம் வந்தபோது பின்னால் ஒரு மலை நின்றது.

"உனக்குப் பின்னால என்னம்மா மலை?"

திரும்பிப் பார்த்தாள். "மலையா? நான் நிக்கிற பக்கம் பந்து உருள்ற அளவுக்குக்கூட மேடு இல்ல. கண்ணாடியப் போட்டுப் பாருங்கப்பா."

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அது எங்கள் மலை. உச்சியில் மாரியம்மன் கோயில், சரிவில் எங்கள் லயத்துத் தகரங்கள். நான் பார்க்கப் பார்க்க, களைத்த மாடு படுப்பதுபோல, சத்தமே இல்லாமல் அது உட்கார்ந்தது. அழைப்பு அறுந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து லயத்துக்கு ஓடினேன். மலை அப்படியே நின்றது. செல்வி தொழுவத்தில் இருந்தாள்.

"அனே வாத்தியாரே, பேயக் கண்ட மாதிரில ஓடி வாறீங்க!"

"வா செல்வி, எல்லாத்தையும் விட்டுட்டு வா."

"மாட்ட நீங்க புடிச்சிட்டுப் போங்க. கன்ன அவுத்துக்கிட்டுப் பின்னாலயே வாறேன்."

கையைப் பிடித்து இழுத்தேன், சத்தியமாக இழுத்தேன். உதறிவிட்டாள். "பச்சக் கன்னுங்க. விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

மாட்டோடு ஓடையைத் தாண்டியிருப்பேன், பின்னால் இரைச்சல். திரும்பினேன். திரையில் பார்த்தது போலவே உட்கார்ந்தது மலை.

ராணுவத்தினரும் தோட்டத்து ஆட்களும் தோண்டினார்கள். அவளுடைய ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. நான் சேற்றின் ஓரத்திலேயே கிடந்தேன்.

கடைசியில் கவிதா வந்து சேர்ந்தாள், விமானநிலையத்திலிருந்து நேராக. திரையில் நான் கண்டதை அவளிடம் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அவள் அழவும் இல்லை. தோண்டுகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு என் பக்கத்தில் குந்தி மெதுவாகச் சொன்னாள்.

"தோண்டுறத நிப்பாட்டச் சொல்லுங்கப்பா. அன்னைக்குப் போன் கட்டானதும் திரும்பிப் பாத்தேன், அந்த மஞ்ச வயலுக்கு நடுவுல அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. நான் இங்க கெளம்பும்போதும் அங்கதான் நின்னாங்க."