போடியில் வளைவதற்காகவே வைத்த இரும்பு

ஊர் சுற்றி எழுதுவது என் வழக்கம். ஆனால் கட்டடப் பொறியாளரான என் மனைவி வாசுகியின் வேலையைப் பார்க்க ஒருநாளும் போனதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரி ஒருவர் கட்டிவரும் நான்கு மாடிக் கட்டடத்தைப் பார்வையிட அவள் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன்.

காலை 6.10க்கு மதுரை ஆரப்பாளையத்தில் பஸ். தேனிக்கு 75 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கிருந்து போடி 15 கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு 60 ரூபாய்.

"பூமி ஆடுனாலும் விழாதுன்னு சொல்றாகளே, அந்தக் கட்டடமா?" என்றார் ஆட்டோக்காரர். வாசுகி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

விஷயம் இதுதான். தூண்களுக்கு நடுவே கூரை போலச் சாய்ந்த இரண்டு இரும்புக் கம்பங்கள். அவற்றின் உச்சிக்கும் உத்தரத்துக்கும் இடையில், எளிதில் வளையட்டும் என்று வரிசையாக வெட்டுகள் போட்ட ஒரு இரும்புத் தகடு. நிலம் ஆடினால் தகடு இப்படியும் அப்படியும் வளைந்து ஆட்டத்தின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், தூண் தப்பிக்கும். பிறகு போல்ட்டைக் கழற்றிப் புதுத் தகடு போட்டுக்கொள்ளலாம்.

முதல் மாடியில் வாசுகி அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு தகடுகளில் வெட்டுகளை மூடி, பட்டை இரும்பு வைத்து வெல்டிங் அடித்திருந்தது.

"நாந்தான் மேடம்," என்றார் வெல்டர் முருகேசன், பெருமையாக. "வெட்டு விழுந்து வீக்கா இருந்துச்சு. மனசு கேக்கல."

கேட்டதற்கு மேல் ஒரு பட்டை வைத்துக் கொடுக்கும் நல்ல மனசு நம் ஊர் வெல்டர்களுக்கு உண்டு. இங்கே அதுதான் வினை. மதியம் இரண்டு மணிக்குச் சுவர்ப் பலகை அடிக்கும் ஆட்கள் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். அப்புறம் நிலம் ஆடினால் தகடு வளையாது, தூண்தான் உடையும். மேலே குடியிருக்கப் போவது உரிமையாளர் ராஜபாண்டியின் குடும்பம்.

அவரோ, "பலமாத்தான ஆக்கியிருக்காரு, அதப் போயி கழட்டச் சொல்றீகளே?" என்றார்.

வாசுகி குரலை உயர்த்தவில்லை. "முருகேசண்ணே, பட்டறையில அடிக்கடி ஃபியூஸ் போகுதுன்னு கம்பிக்குப் பதிலா ஆணிய வைப்பீகளா?"

"ஒருக்கா வச்சேன். மோட்டாரே புகைஞ்சு போச்சு."

"கட்டடத்துக்கு இதுதாண்ணே ஃபியூஸ்."

 முருகேசன் யாரும் சொல்லாமலே ஸ்பேனரை எடுத்தார். வெல்டிங் சூடு பட்ட தகட்டை இனி நம்ப முடியாது என்றாள் வாசுகி. நல்லவேளை, கைவசம் சரியாக இரண்டு உபரித் தகடுகள் இருந்தன. 1.40க்குக் கடைசி போல்ட் இறுகியது. ராத்திரி கதவு லேசாக ஆடினாலும் பூகம்பமோ என்று என்னை எழுப்பிவிடுகிறாளே என்று இத்தனை வருஷம் கிண்டல் செய்த எனக்கு அன்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

போடிக்குப் போகிறவர்கள் வெயிலுக்கு முன் பஜாரைச் சுற்றிவிடுங்கள். வீடு கட்டுகிறவர்கள், வரைபடத்தில் இல்லாத இரும்பை யார் அன்பாக வைத்தாலும் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு தகட்டை மட்டும் மூடாமல் விடச் சொல்லிவிட்டார் ராஜபாண்டி. முருகேசன் தான் செய்யும் இரும்புக் கேட்டிலெல்லாம் தன் பெயரை வெல்டிங்கிலேயே எழுதுகிறவர். இங்கே பெயிண்ட் டப்பாவைக் கேட்டு வாங்கி, தகட்டுக்குக் கீழே கம்பத்தில் எழுதினார்: "இதில் யாரும் வெல்டிங் வைக்கக் கூடாது. இப்படிக்கு, வெல்டர் முருகேசன்."