ரெண்டாவது மாத்திரை

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் வியாபாரி மகாராஜன் எந்த மூட்டையையும் மேலோட்டமாகப் பார்த்து எடுத்ததில்லை. கையை அடிவரை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார். நனைந்த பூவை அடியில் வைத்து எடை ஏற்றுகிறவர்களைப் பார்த்துப் பழகிய கை. டாக்டர் அபிஷாவையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்ததிலிருந்து கொலஸ்ட்ராலுக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஆனாலும் கெட்ட கொழுப்பு போதிய அளவு இறங்கவில்லை. அபிஷா இன்னொரு மாத்திரையும் எழுதினார்.

"பழைய மாத்திரை ஈரல்ல கொழுப்பு உண்டாகுறதைக் குறைக்கும். இது குடல் வழியா ஏறுறதைத் தடுக்கும். பழசோட அளவையே கூட்டிக்கிட்டுப் போறதுக்குப் பதிலா, ரெண்டையும் சேத்துச் சாப்பிடுங்க அண்ணாச்சி."

மகாராஜன் தலையாட்டினார். வெளியே வந்ததும் மனைவி கோகிலாவிடம், "மொத மாத்திரை நல்லதுன்னா ரெண்டாவது எதுக்குட்டி? அந்தம்மாவுக்கும் மருந்து கம்பெனிக்கும் என்னமோ இருக்கு" என்றார். அந்த மாத்திரையை வாங்கவேயில்லை.

அடுத்த வாரம் யாருக்கும் சொல்லாமல் புளியங்குடிக்கு பஸ் ஏறினார். அங்கிருந்த டாக்டர் கொழுப்பு ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வேற மாத்திரை எதுவும் சாப்பிடுதியளா?" என்று கேட்டார். இவர் என்ன எழுதுகிறார் பார்ப்போம் என்று நினைத்த மகாராஜன், "இல்லை" என்றார். டாக்டர் ஒரே ஒரு மாத்திரைதான் எழுதினார். மகாராஜனுக்குத் திருப்தி. ஆனால் ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரியில் கொடுத்ததை நிறுத்த பயம். பழையதையும் புதியதையும் சேர்த்தே விழுங்கி வந்தார்.

சில வாரங்களில் தொடைகள் கனத்து வலித்தன. கோகிலா எண்ணெயை மாற்றிவிட்டாளோ என்று அடுக்களையில் போய் டின்னை முகர்ந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதும் பயந்து மனைவியிடம் சொன்னார். அவள் ஆட்டோ பிடித்து அபிஷாவிடம் கூட்டிப்போனாள்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுதிய?"

"நீங்க குடுத்ததுதான்."

கோகிலா பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அவுக சட்டைப்பையில கெடந்துச்சு டாக்டர். கேட்டா வைட்டமின்னு சொன்னாவ."

அபிஷா அட்டையைத் திருப்பிப் படித்தார். "கம்பெனி பேர்தான் வேற. உங்க பழைய மாத்திரையிலயும் இதுலயும் உள்ள இருக்கது ஒரே மருந்து. ரெண்டு மடங்குக்கும் மேல சாப்பிட்டிருக்கிய. அது தசையை அரிக்குது. இப்படியே விட்டா கிட்னியும் போயிரும்."

அன்றே இரண்டையும் நிறுத்தி, பெட்டில் சேர்த்து சலைன் ஏற்றினார்கள். கிட்னி தப்பியது. வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாள் சுவரைப் பிடித்தே நடந்தார்.

ரத்தப் பரிசோதனை சரியான பிறகு, அபிஷா வேறொரு மருந்தைக் குறைந்த அளவில் எழுதினார். கூடவே, முன்பு மகாராஜன் வாங்காமல் விட்ட அந்த ரெண்டாவது மாத்திரையும்.

மகாராஜன் நேராகவே கேட்டார். "இதை எழுதுனா கம்பெனிக்காரன் உங்களுக்கு என்ன தருவான்?"

கோகிலா தலையில் கைவைத்தாள். அபிஷாவுக்குக் கோபம் வரவில்லை. "ஒரு கம்பெனி காலண்டர் தந்தாவ. அந்தா சுவத்துல தொங்குதுல்லா. எந்தக் கம்பெனி மாத்திரைய வேணும்னாலும் வாங்குங்க அண்ணாச்சி, உள்ள இருக்க மருந்து பேரு இதா இருந்தாப் போதும். வலி வந்தா உடனே வாங்க. வேற எங்க போனாலும் இதைச் சாப்பிடுதேன்னு சொல்லிருங்க."

அவர் எழுந்து காலண்டரிலிருந்த கம்பெனி பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டே, அது அல்லாத கம்பெனி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனார்.

மறு பரிசோதனையில் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. கால்வலி திரும்பவில்லை. மகாராஜன் அந்த ரிப்போர்ட்டை மடித்து வைத்துக்கொண்டு, வேறொரு லேபில் போய் மறுபடியும் ரத்தம் கொடுத்தார். அதிலும் குறைந்துதான் இருந்தது.