கடைசி இருக்கைக்காரர்

மகள் கைபேசியில் உளவாளிப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தொப்பிக்காரன்தாம்மா," என்றாள். அவள் சொன்னது தப்பு. ஆனால் அந்தத் தீர்மானமான குரலைக் கேட்டதும் ரப்பர் பாலின் புளித்த வாசம் எங்கிருந்தோ மூக்கில் ஏறிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கீரிப்பாறை ரப்பர் தோட்ட அலுவலகத்தில் தட்டச்சு வேலை. நாகர்கோவிலிலிருந்து காலைப் பேருந்தில் நானும் கூட வேலை பார்த்த ரோசியும் போவோம். துப்பறியும் நாவலை நடுவில் பிடித்துக்கொண்டு சேர்ந்தே வாசிப்போம். பக்கத்தைத் திருப்பச்சொல்லி முழங்கையால் இடிப்பாள். எங்கள் நாட்களில் ஒன்றுமே நடக்காது. அந்தப் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது நடக்கும். பத்து நாவலில், உலகத்தில் ஒருவரையும் நம்பக்கூடாது என்ற பாடத்தில் தேறிவிட்டோம்.

அப்படித்தான் கடைசி இருக்கைக்காரர் கண்ணில் பட்டார். ஐம்பது வயதிருக்கும். போன வண்டியிலேயே திரும்பிவிடுவார் என்று நடத்துநர் சொன்னார். ஏறுகிறவர்களை உற்றுப் பார்ப்பார். பிறகு சட்டைப்பைக்குள் எதையோ பார்த்துவிட்டு நோட்டில் எழுதுவார்.

"ஏட்டி, என்னமோ நோட்டம் பாக்கான்," என்றாள் ரோசி.

"ஒற்றனா இருப்பானோ?"

ரப்பர் தோட்டத்தில் ஒற்றனுக்கு என்ன வேலை என்று இருவருக்கும் தோன்றவில்லை. நடத்துநரிடம் சொன்னோம். இடுப்பில் ஏதோ மறைத்திருக்கிறார் என்று நான் கூட்டிச் சொன்னேன். மறுநாள் வண்டி காவல் நிலையத்தின் முன்னால் நின்றது. அவரை இறக்கினார்கள். இறங்கும்போது பயணிகளில் ஒருவர் அவரைப் பிடித்துத் தள்ளினார். ரோசி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மறுபடி ஏறினார். நடத்துநர் எங்களைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்; நேராக எங்களிடம் வந்து ஒரு புகைப்படத்தை நீட்டினார்.

"எனக்க மகன். மனசு சரியில்லாதவன். வீட்டை விட்டுப் போயி ஏழு மாசம். இந்த வண்டியில பாத்ததா ஒருத்தர் சொன்னாரு."

ரோசி படத்தை வாங்கிக்கொண்டாள்.

"பிள்ளைகளே, நீங்க ஆளுகள நல்லா கவனிக்கியளே. இவனையும் கொஞ்சம் பாத்துக்கிடணும்."

அதில் கேலி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ரோசி அந்தப் படத்தை நடத்துநர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டினாள். அதன்பிறகு நாவல் மடியில் மூடியே கிடந்தது. ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தோம். துப்பறிவது எவ்வளவு அலுப்பான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருமுறை தடிக்காரன்கோணம் நிறுத்தத்தில் ஒருவன் பின்னால் இறங்கி ஓடினோம். அவன் வேறு யாரோ.

மழைக்காலத்தோடு அவர் வருவது நின்றது. மகன் கிடைத்தானா, இவர் தேடி ஓய்ந்தாரா, தெரியாது. விலாசம் கேட்டு வைத்துக்கொள்ளக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. ரோசி கல்யாணமாகி குவைத் போனாள். பிறகு ஒருநாள் பேருந்து புது வண்ணம் அடித்து வந்தது. நடத்துநர் இருக்கையின் பின்பக்கம் பளபளவென்றிருந்தது. ஏறியவர்கள் எல்லோரும் பெயின்ட் நன்றாக இருக்கிறது என்றார்கள்.