ஒரு கதவு எண், ஒரு தொட்டி

சீசன் நேரத்தில் எங்கள் கொடைக்கானல் பஜார் வியாபாரிகள் சேர்ந்து பூந்தொட்டிப் போட்டி வைப்போம். ஒரு வருஷம் ஏரிப் பக்கத்துப் பங்களாக்காரர் ஒருவர் டிரைவர், சமையல்காரர், தோட்டக்காரர் என்று ஆளுக்கொரு பெயரில் பத்துப் பன்னிரண்டு தொட்டிகளை இறக்கி, மூன்று பரிசையும் அள்ளிக்கொண்டு போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தைலம் விற்கிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? அடுத்த கூட்டத்திலேயே, ஒரு கதவு எண்ணுக்கு ஒரு தொட்டிதான், ரேஷன் கார்டோடு வர வேண்டும் என்று நானே விதி எழுதினேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுவருஷம் பதிவு மேஜையிலும் நானே உட்கார்ந்தேன். மதியம் ஓர் அம்மா பழைய பெயிண்ட் டப்பாவில் பெகோனியாச் செடியைச் சுமந்துகொண்டு வந்தார். பூ ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அவருடைய கணவர் காலமெல்லாம் பங்களாக்களில் தோட்டவேலை பார்த்தவர். அவர் வளர்த்த செடிகள் வாங்கிய கோப்பைகள் முதலாளிகள் வீட்டு அலமாரிகளில் இருந்தன. வாதம் வந்து படுத்த பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து ஒற்றைக் கையால் வளர்த்த செடி இது. முதல்முறையாகக் கணவர் பெயரிலேயே பதிய வேண்டும் என்றார் அந்த அம்மா.

கார்டைப் பார்த்தேன். அவர்கள் இருந்தது தொழிலாளர் லைன் வீடு. ஆறு குடும்பத்துக்கும் ஒரே கதவு எண். காலையிலேயே பக்கத்து அறைப் பெண் ஒரு ரோஜாத் தொட்டியைப் பதிந்துவிட்டுப் போயிருந்தார். முடியாது என்றேன்.

"பரிசெல்லாம் வேணாங்க பாய். அவரு பேர எழுதி ஓரமா வச்சாப் போதும்."

ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த வருஷமும் முதல் பரிசு அதே பங்களாவுக்குத்தான் போனது. டிரைவர் தங்கும் கார் ஷெட்டுக்குத் தனிக் கதவு எண் இருந்ததால் அவர்கள் இரண்டு தொட்டி வைத்திருந்தார்கள். விதிப்படி எல்லாம் சரி. வெட்கமாக இருந்தது. ஆனாலும் என் கையால்தான் கோப்பையை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த சீசனுக்குள் வியாபாரிகள் சங்கத்தில் சண்டை போட்டு, குடும்பத்துக்கு ஒரு தொட்டி என்று விதியை மாற்றினேன். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு லைனுக்கு நானே போனேன். அந்த அம்மாவின் கணவர் தை மாதப் பனியில் இறந்துபோயிருந்தார். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"செடியச் சேத்துக்கிட்டாங்கன்னு அவருகிட்டப் பொய் சொல்லிட்டேன் பாய். கலந்துக்கிட்டவங்களுக்குப் பேரு போட்டு ஒரு காயிதம் தருவாங்களேன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு. பாய் கொண்டாந்து தருவாங்கன்னு சொல்லி வச்சேன். கடைசி வரைக்கும் யாரு கதவத் தட்டுனாலும், பாயான்னு பாருன்னுதான் சொல்லுவாரு."