லாஞ்சிக்கு ஓடியவனுக்குச் சொன்ன முடிவு

போன கிழமை மகள் என்னைக் கொழும்பில் ஒரு குளிரூட்டிய தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கிற விண்வெளிப் படம். பாறைகள் எல்லாம் நேரே முகத்துக்குப் பறந்து வருகின்றன. நானும் பயந்து பயந்து ரசித்தேன். ஆனால் படம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது, வழக்கம்போல என் கால்கள் நிலைகொள்ளாமல் ஆடத் தொடங்கிவிட்டன. வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். “என்னப்பா, பாத்ரூம் போகவேணுமோ?” என்று மகள் காதுக்குள் கேட்டாள். இல்லைப் பிள்ளை, என் கூட்டாளியின் மூதூர் லாஞ்சிக்கு நேரமாச்சு என்று அந்த இருட்டில் எப்படி விளங்கப்படுத்துவது?

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்தில் களஞ்சியக் கிளாக்கர் வேலை எனக்கு. பக்கத்து மேசை ஜவாஹிருக்கு. மூதூர்க்காரன், தினமும் லாஞ்சி என்கிற மோட்டார் படகில் குடாவைக் கடந்து வேலைக்கு வருபவன். சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. சோற்றுப் பார்சலை அவசரமாக விழுங்கிவிட்டு இருவரும் மட்டினி ஷோவுக்குப் போவோம். கடைசி லாஞ்சி ஐந்து மணிக்கு. படமோ ஐந்தைத் தாண்டித்தான் முடியும். ஆகவே கதாநாயகன் ஓங்கிய கத்தியோடு நிற்க, மூதூர்ச் சனம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடும். முடிவைத் திங்கட்கிழமை பிளேன்டீயோடு நான் சொல்லவேண்டும். பட்டணத்தில் கூட்டாளி இல்லாத மூதூரான் பாவம், எந்தப் படத்துக்கும் முடிவு தெரியாமலே சாகவேண்டியதுதான்.

அப்படி ஒரு சனிக்கிழமை இங்கிலிஷ் விண்வெளிப் படம் பார்த்தோம். சனிக்கிரகத்தின் வளையம் திரை முழுக்க விரிந்து கிடக்கிறது. அதன் நிழல் கப்பலின் மேல் மெல்ல மெல்ல விழுகிறது. பேச்சில்லை, பாட்டில்லை. மலிவு டிக்கெட் கலரியில் கச்சான் கடலை உடைக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. எதையும் இலேசில் பாராட்டாத நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அந்த அழகை இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். பிறகு ஆகாயத்திலே இரண்டு கப்பல்கள் வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. “கயிறெறியாமல் எவன்டா கப்பலைக் கட்டுறான்?” என்று கலரியிலிருந்து ஒரு குரல் வந்தது. தியேட்டரே சிரித்தது. துறைமுகத்துச் சனத்துக்கு விஞ்ஞானம் தெரியாவிட்டாலும் கப்பல் தெரியும்.

ஆனால் அவ்வளவு பெரிய கப்பலில் ஒருவனுக்கும் பசிக்கவில்லை. ஒருவனும் வீட்டை நினைக்கவில்லை. ஒலிபெருக்கியில் அறிவித்தல் வாசிப்பதுபோலவே எல்லோரும் கதைத்தார்கள். போகிற வழியில் ஒருவனைப் பனி மூடிய கிரகமொன்றில் காவலுக்கு இறக்கிவிட்டு மற்றவர்கள் போய்விட்டார்கள். அவன் தன்னந்தனியே ஒரு விளக்கை ஏற்றுவதும் அணைப்பதுமாக நின்றான்.

லாஞ்சிக்கு நேரமாகியும் ஜவாஹிர் எழும்பவில்லை. அவனுடைய நானா, அதாவது அண்ணன், வெளிநாட்டுச் சரக்குக் கப்பலொன்றில் ஏறிப்போய் எட்டு மாதம். கடிதம் இல்லை. உம்மா தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைக் கொடுத்தபடி வாசலிலேயே இருந்தா. “மச்சான், இவனைத் திரும்பி வந்து ஏத்துறாங்களா எண்டு வடிவாப் பாத்து வை” என்று என் தோளை அமுக்கிவிட்டு ஓடினான்.

வடிவாகத்தான் பார்த்தேன். நட்சத்திரங்கள், சிவப்பும் நீலமுமாய் ஒளி வெள்ளம், பூமி, கொடிகள், கைதட்டல். காவலுக்கு விட்டவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. செத்தான் என்றாவது காட்டியிருக்கலாம். நிறம் தீட்டுகிற மும்முரத்தில் படம் எடுத்தவனுக்கு ஆளையே மறந்துபோய்விட்டது. கண்ணை நிறைக்கிற இந்தப் படங்களின் மேல் எனக்குள்ள கோபம் அன்றைக்குத் தொடங்கியது. ஞாயிறு முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. கடற்கரையில் அந்தத் தொங்கலுக்கும் இந்தத் தொங்கலுக்குமாக நடந்தேன். படம்தானே என்று சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை.

“வந்தாங்களா?” என்றான் ஜவாஹிர், திங்கட்கிழமை, கதிரையில் இருக்க முதலே.

“ஓம், வந்தாங்கள். விளக்கைக் கண்டு கப்பலைத் திருப்பி அவனை ஏத்திப்போட்டாங்கள்.”

கப்பல் திரும்பிய விதத்தைக் கையால் வேறு காட்டினேன். பொய் என்று இறங்கிவிட்டால் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. புதன்கிழமை உம்மா எனக்கு வட்டிலாப்பம் கொடுத்து அனுப்பியிருந்தா. “உம்மாக்குச் சொன்னனான். அழுதுபோட்டுச் சிரிச்சா” என்றான். நான் அந்த இனிப்பை வாயில் வைக்காமல் மூடி மேசைக்கடியில் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவன் தனியே காலைக்காட்சிக்கு வந்து படத்தை முழுக்கப் பார்த்துவிட்டான். மறுநாள், “ஏன்டா பொய் சொன்னாய்?” என்று மட்டும் கேட்டான். தேத்தண்ணி ஆறிப்போன பிறகு அவனே சொன்னான்: “உம்மாக்கு நான் சொல்லயில்ல. சொல்ல ஏலாது. நீ சொன்ன மாதிரியே கிடக்கட்டும்.” அதற்குப் பிறகும் சேர்ந்துதான் படம் பார்த்தோம். ஆனால் எந்தப் படத்தின் முடிவையும் அவன் என்னிடம் கேட்கவில்லை.

இப்போது பாலங்கள் வந்து லாஞ்சி நின்றுவிட்டது. தியேட்டர் இருந்த இடத்தில் சீமெந்து மூடைகள் அடுக்கியிருக்கிறார்கள். பாதிப் படத்தில் எழும்பி ஓடுகிற சனத்தை எங்கே காண்பது? நானாவிடமிருந்து கடிதம் வரவேயில்லை. சில வருடங்கள் கழித்து உம்மா மவுத்தாகி அடக்கம் நடந்த அன்று மூதூருக்குப் போனேன். ஜவாஹிர் என்னை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனான்.

“கடைசி வரைக்கும் கேட்டவ, மச்சான். திரும்பி வந்த அந்தப் புள்ளைக்குப் பேர் என்னெண்டு. தொழுதிட்டு துஆவில சேக்கவாம்.”

படத்தில் அவனுக்குப் பெயரே வைத்திருக்கவில்லை.