விழா மலருக்கு ஒரு பக்கம்

அந்த வீட்டைப் பார்க்கப் போனவர்கள் மூன்று பேர்: நான், தாம்பரம் பக்கத்துக் கல்லூரியில் என்னோடு படித்த வினோத், அவன் மனைவி திவ்யா. வராதது என் அறைத்தோழன். "செத்துப்போன ஆளு வூட்டப் பாக்கறதுக்கு டிக்கெட்டா, நீங்களே போங்கடா" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அமெரிக்கா வந்து மூன்று வருடமாகியும் எனக்குப் பழகாதவற்றில் இதுவும் ஒன்று. இங்கே பழைய தலைவர்களின் படுக்கையறை வரை காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். இந்தத் தலைவர் நாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராம், விடுதலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவராம். அவருடைய பெரிய வீட்டுக்கு டிக்கெட் உண்டு. பின்னால் அவருடைய அடிமைகள் இருந்த குடிசைகளுக்கு டிக்கெட் கிடையாது. அது இலவசம்.

குடிசைச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பட்டியல். பெயர், வயது, விலை. அதே தாளில் இரண்டு விரல் தள்ளிக் குதிரைகள். "ஆனாலும் அவர் இவர்களை நன்றாகத்தானே நடத்தினார்?" என்று யாரோ கேட்டார்கள். சுற்றிக் காட்டிய அம்மாள், "அவர் தன் காலத்து மனிதர்" என்றார். அந்தக் குடிசையில் படுத்தவனும் அதே காலத்து மனிதன்தானே? இது தப்பு என்று அவனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? பிறகு அந்த அம்மாள், இப்படி வைக்கப்பட்டிருந்தவர்களின் வழிவந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா என்று கேட்டார். வயதான ஒரு கறுப்பினப் பெண் கையைத் தூக்கினார். என் கையும் தானாக மேலே போயிருந்தது. அம்மாள் என்னைப் பார்த்துக் குழம்பி, பிறகு முகம் தெளிந்து, "ஓ, பிரிட்டிஷ்காரர்கள் உங்களை ஆண்டதைச் சொல்கிறீர்கள். ஆமாம், கொடுமைதான்" என்று பரிவோடு சொன்னார். நான் "எஸ்" என்றேன். அந்த எஸ்ஸை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது. "கைய எறக்கு மச்சான்" என்றான் வினோத், மெதுவாக. அவனுக்குத் தெரியும்.

எங்கள் ஊர் மேடவாக்கம் தாண்டி. இன்று அங்கே அடுக்குமாடிகளும் தண்ணீர் லாரிகளும்தான். முன்பு எல்லாம் வயல், அதில் பாதி வினோத்தின் தாத்தாவுடையது. ஊரில் அவரைப் பெரியவர் என்பார்கள். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர், பல வருடம் ஊராட்சித் தலைவர், ரோடு போட்டவர், பள்ளிக்கூடம் கட்டியவர். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. என் அப்பா அவரிடம் படியாள். அதாவது, அத்தையின் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காக எட்டு வயதில் கொண்டுபோய் விடப்பட்டவர். கூலி கிடையாது, நாளுக்கு இத்தனை படி நெல், பொங்கலுக்கு ஒரு வேட்டி. பெரியவர் கட்டிய பள்ளிக்கூடத்துச் சுவரோரமாகத்தான் அப்பா பெரியவரின் மாடுகளை மேய்த்தார். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்குமாம். கொத்தடிமை முறை கூடாது என்று சட்டம் வந்ததுகூட அப்பாவுக்குத் தெரியாது. வயலை மனை போட்டு விற்றார்கள், மேய்க்க மாடு இல்லை, அப்படித்தான் விடுதலை வந்தது. அப்போது பெரியவர் ஓரமாக ஒன்றரை சென்ட் இடத்தைக் காட்டி, "இங்க இருந்துக்கோ" என்றார். பட்டா இல்லை, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வீட்டில் முதலில் எழுத்தைப் படித்தவன் நான். அதுவும் அதே பள்ளிக்கூடத்தில்.

திரும்பி வரும்போது காரில் வினோத் ஆரம்பித்தான். "தாத்தாவுக்கு நூறாவது வருஷம் மச்சான். ஊர்ல சிலை வைக்கறோம். விழா மலர் போடறோம். நீ ஒரு பக்கம் எழுதணும்னு சித்தப்பா கேக்கறாரு. பெரியவரு கட்ன ஸ்கூல்ல படிச்சு அமெரிக்கா போன பையன்னு."

"எங்கப்பா பத்தி எழுதலாமா?"

அவன் பாட்டின் சத்தத்தைக் குறைத்தான். "அந்தக் காலத்துல எல்லாரும் ஆள் வச்சிருந்தாங்கடா. தாத்தா யாரையும் அடிச்சதில்ல."

"இதையேதான அந்தம்மாவும் சொன்னாங்க" என்றாள் திவ்யா பின் சீட்டிலிருந்து. "அங்க மூஞ்சிய சுளிச்ச, இங்க நீயே சொல்ற."

"நீ சும்மா இரு. எங்க வீட்டு விஷயம் இது."

"எங்க வீட்டு விஷயமும்தான்" என்றேன்.

ஊருக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு ஒரே பயம். "ரோடு போட்டாரு, ஸ்கூல் கட்னாரு, அத்த எழுதிக் குட்த்துடு. மீதி இன்னாத்துக்குடா? நீ அங்க கீற, நாங்க இங்க இல்ல கீறோம். எடம் அவுங்களுது, காலி பண்ணுன்னு ஒரு வார்த்த சொன்னா எங்க போவோம்?" அவள் சொன்னது நியாயம். இரண்டு நாள் அவள் சொன்னபடியே எழுதிப் பார்த்தேன். ரோடு, பள்ளி, ஜெயில். நல்ல தமிழ்தான். அழித்துவிட்டேன். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் எழுதினேன்: ரோடு, பள்ளி, ஜெயில், அதோடு சுவரோரம் மாடு மேய்த்த பையன். அனுப்புவதற்கு முன் அப்பாவைப் போனுக்குக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன், அவருக்குப் படிக்கத் தெரியாது.

"ஒம்போது வருசம் மாடு மேச்சேன்னு போட்டுக்கற" என்றார் அப்பா. "பதினொன்னு. எழுதறதுதான் எழுதற, சரியா எழுது."

"எடம் போயிடும்ப்பா."

"எனக்குத் தெரியாதா. நீ படி, இன்னொரு தபா."

நான் அனுப்பிய பக்கம் மலரில் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு பிளாட் புரோமோட்டரின் வாழ்த்து வந்தது. விழா நல்லபடியாக நடந்தது என்று கேள்வி. அடுத்த வாரம் வினோத்தின் சித்தப்பா வீட்டுக்கு வந்தார், சத்தமெல்லாம் போடவில்லை. பாகம் பிரிக்கிறோம், இடம் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கொடுத்த மோரையும் குடித்துவிட்டுப் போனாராம். வினோத் இப்போது என்னோடு பேசுவதில்லை. திவ்யா மட்டும் எப்போதாவது, "அப்பா எப்படி இருக்காரு" என்று ஒரு வரி அனுப்புகிறாள்.

என் பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரியில் இன்று நீல நிறத் தகரத் தடுப்பு நிற்கிறது. இங்கே ஏதாவது படிவத்தில் நிரந்தர முகவரி கேட்டால் கை நின்றுவிடுகிறது. இரண்டு நாட்டிலும் நாங்கள் வாடகைக்குத்தான் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் அஸ்தினாபுரத்தில், மாடியில் ஒற்றை அறை. அட்வான்ஸ் எழுபத்தைந்தாயிரம், முதல் மாத வாடகை ஏழாயிரத்து ஐந்நூறு, சாமான் ஏற்றிய வண்டிக்கு இரண்டாயிரத்து இருநூறு. அந்த ஒரு பக்கத்துக்கு ஆக மொத்தம் எண்பத்து நாலாயிரத்து எழுநூறு ரூபாய்.